கிட்டப்பாவுக்கு எத்தனை வரி

பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி ஒரு மாணவி எழுதிய பேச்சிலிருந்து, அவர் கணவரான நாடக நடிகர் கிட்டப்பா குறித்து நான் வெட்டிய வரிகள் எனக்கு இன்னமும் மனப்பாடம். 'கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. கடைசிக் காலத்தில் அவர் சுந்தராம்பாளைப் பிரிந்துவிட்டார். ஆனாலும் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டினார்.' எழுதியது பதின்மூன்று வயதுப் பெண். இங்கே டர்பனில் நம் பிள்ளைகள் எல்லாரையும் போலத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்புப் பேனாவால் சின்னக் கோடு போட்டிருந்தாள். 'ஆனாலும்' என்பதற்கு முன்னால் மட்டும் இரண்டு கோடு.

ஐஸ்டெட்ஃபோடு என்னும் கலைப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர்களுக்கு இந்த வெட்டு வேலை புதிதல்ல. நான்கு நிமிடம் தாண்டினால் மணி அடித்துவிடுவார்கள், மதிப்பெண் போய்விடும். அதனால் வெட்டினேன் என்றுதான் அவளிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் கொடுமுடியில் காந்திக்குத் தங்கத் தட்டில் சாப்பாடு போட்டதையும், காந்தி அந்தத் தட்டையும் கேட்டு வாங்கி ஏலம் விட்டதாகச் சொல்லும் கதையையும் நான் தொடவில்லை. அதற்கும் அரை நிமிடம் ஆகிறது.

அவள் விடவில்லை. வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டாள், நான் வழக்கம்போலத் தமிழில் பதில் சொன்னேன்.

"எங்க ஆயாவும் பொட்டு வைக்கிறதில்ல. ஆனா தாத்தா கடைசி வரைக்கும் கூடவே இருந்தாரு. அது புரியுது. விட்டுட்டுப் போனவருக்காக இவங்க ஏன் வெள்ளை கட்டணும், மேடம்?"

"அது அவங்க விருப்பம்மா."

"அப்போ அந்த விருப்பத்தைச் சொன்னா என்ன?"

பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. அவளுடைய ஆயா முதல் வரிசையில் உட்காரப் போகிறார் என்பது என் மனதில் ஓடியது. பேத்தி மேடையேறி, விதவைக் கோலத்துக்கு ஒரு தகுதி வேண்டும் என்பதுபோலப் பேசினால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? இதைப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? "நாலு நிமிஷம்தான்மா" என்று மறுபடியும் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு அந்தச் சிவப்புக் கோடுகளின் மேலேயே பென்சிலால் அடித்தாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. 1926-இல் கொழும்பு நாடக மேடையில் சேர்ந்து நடித்த இருவர், 1927-இல் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்குக் கிட்டம்மாள் என்ற மனைவி இருந்தது ஊரறிந்த விஷயம். பிரிவின்போது சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் அச்சிலேயே வந்திருக்கின்றன. அன்பும் கோபமும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளுகிற கடிதங்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு 25 வயது. அதன் பிறகு வெள்ளைப் புடவை, நெற்றி நிறைய விபூதி, ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற முடிவு. கடைசிவரை மாறவில்லை.

ஆனால் இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லிவிட்டால் அடுத்து நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது? ஆண்களோடு ஜோடி சேர மாட்டேன் என்றவர் 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்திலேயே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அப்படியொரு தொகையை யாரும் கேள்விப்பட்டதில்லை. 1953-இல் ஔவையார். ஔவையின் கதையை யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரிடம் போய் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்ட பெண். வாங்கியதும் வீட்டுக்குள் முடங்கவில்லை. ஊர் ஊராக நடந்தாள், அரசர்களிடம் நியாயம் பேசினாள். ஆத்திசூடி ஒப்பிக்கிற எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். சுந்தராம்பாளின் வெள்ளைப் புடவையும் அப்படி வாங்கிக்கொண்டதுதான் என்று ஒரு நாள் தோன்றும். காதலியாக நடி என்று எந்த முதலாளியும் கேட்க முடியாமல் செய்த புடவை அது. மறுநாளே, இது நானாகக் கட்டுகிற கதை, 25 வயதுப் பெண்ணின் துக்கத்தை ஏன் தந்திரமாக்குகிறாய் என்றும் தோன்றும்.

என் பக்கம் இன்னொரு நியாயமும் வைத்திருந்தேன். 1964-இல் பூம்புகார் படத்தில் அவர் கவுந்தி அடிகள். வசனம் கலைஞர். தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கிற ஒரு வரியை முருக பக்தையான தன்னால் பாட முடியாது என்றார். வரி மாறியது என்பார்கள். பெரிய இடத்திலேயே வரி மாறியிருக்கிறது, நான் மாற்றினால் என்ன? இந்த நியாயம் ரொம்ப நாள் தாங்கவில்லை. அவர் மாற்றச் சொன்னது தன் வாயால் பாட வேண்டிய வரியை. நான் மாற்றியது இன்னொருத்தி வாயால் சொல்லவிருந்ததை.

போட்டியில் நன்றாகவே பேசினாள். மைக் உயரமாக இருந்தது, எக்கி நின்றபடியே நான்கு நிமிடமும் பேசி முடித்தாள். வெள்ளைப் புடவைக் கட்டம் வந்தபோது மண்டபம் அமைதியானது. நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'பழம் நீயப்பா' இரண்டு வரி பாடி முடித்தபோது கைத்தட்டல். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் எங்கள் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கிற பாட்டு, தட்டாமல் இருப்பார்களா? இரண்டாம் பரிசு. வெட்டியது சரிதான் என்று அன்று நிம்மதியாக இருந்தது.

அப்புறம் சாப்பாட்டுப் பந்தியில் ஆயா என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்:

"எங்க அப்பா அந்த அம்மா ரெக்கார்டு வச்சிருந்தாரு, டீச்சர். என்ன தொண்டை! புள்ள புடவையப் பத்தியே பேசிட்டு இருந்துச்சே, தொண்டையப் பத்தி ஏன் அவ்வளவு கொஞ்சமா சொல்லிச்சு?"

யாருக்காக வெட்டினேனோ அவருக்கு அந்தக் கவலையே இல்லை. வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று வரி வெட்டிய பிறகும் பேச்சில் பாதி கிட்டப்பாவும் புடவையும்தான். நந்தனார் ஒரு வரி. சட்ட மேலவை உறுப்பினர் ஆனது அரை வரி. 1970-இல் பத்மஸ்ரீ, அதே வரியின் மீதி. கிட்டப்பா விட்டுப் போனதைச் சொல்வதா வேண்டாமா என்று நானும் அந்தப் பெண்ணும் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் பேசியது கிட்டப்பாவைப் பற்றித்தான்.

ஆயா சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. தொண்டையைப் பற்றி நான்கு நிமிடம் பேசினால் நடுவர் கண்ணாடியைக் கழற்றுவாரா? பரிசு வேண்டும் என்று வந்து நிற்கிற பிள்ளையிடம் எதை முன்னால் வைக்கச் சொல்வது? தவிர, அந்தக் கேள்வி அந்தப் பெண்ணுக்குள் இருந்தது. ஆயாவுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அது அவளுடையது.

இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறாள். தலைப்பு கேட்டேன். கிட்டப்பாவைப் பற்றியே பேசலாமா என்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.