கரைக்கும் மருந்து எங்கே?

பதினொரு வயதில் கல்லடியில் சைக்கிளிலிருந்து விழுந்து மூக்கெலும்பு உடைந்தது. ஆறிய பிறகும் நடுவில் ஒரு மேடு தங்கிவிட்டது. முப்பது வயதுவரை யாருடைய கமராவுக்கும் பக்கவாட்டில் முகம் காட்டியதில்லை. சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்தும் நீண்ட விடுப்பும் வேண்டும். நான் ஆசிரியை, பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. தோலுக்கடியில் ஜெல்லை ஏற்றும் ஃபில்லர் ஊசி போதும் என்று முடிவெடுத்தேன்.

இந்த ஊசி மேட்டைக் குறைக்காது. மேட்டுக்கு மேலும் கீழும் உள்ள பள்ளத்தை நிரப்பி நேராகக் காட்டும், அவ்வளவுதான். மூக்கைச் சிறிதாக்க விரும்புபவர்களுக்கு இது உதவாது.

கொழும்பில் முதலில் போன இடத்தில், "ஹையலூரோனிடேஸ் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஃபில்லரில் உள்ள ஹையலூரோனிக் அமிலத்தைக் கரைக்கும் நொதியம் அது. மூக்கின் இரத்தக்குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புள்ளவை. ஜெல் தவறிக் குழாய்க்குள் புகுந்தால் தோல் கருகலாம், பார்வையே போகலாம்.

"அதெல்லாம் தேவைப்படாது, தங்கச்சி."

எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது வைத்தியர், நான் கேட்குமுன்பே அந்தக் குப்பியை மேசையில் எடுத்து வைத்தார். பார்வை போனால் இதுவும் பெரும்பாலும் மீட்டுத் தராது என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரிடம் ஒப்புக்கொண்டேன். ஜெல்லில் மரத்துப்போகச் செய்யும் லிடோகேயின் கலந்திருந்ததால் வலியை விட அழுத்தமே அதிகம் தெரிந்தது. எலும்பை ஒட்டி, மிக மெதுவாக, துளித்துளியாகச் செலுத்தினார். ஒவ்வொரு முறையும் மூக்கு நுனியை அழுத்தி விட்டு, சிவப்புத் திரும்புகிறதா, அதாவது இரத்தம் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தார். என் பார்வையையும் விசாரித்தார். ஒரு மில்லிலீற்றர் கூடச் செலவாகவில்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அன்றிரவே பாடுமீன் ரயிலில் மட்டக்களப்புக்குத் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தேன். வைத்தியர் விடவில்லை. தோல் வெளிறினாலோ, ஊதா நிறத்தில் வலைபோலப் படர்ந்தாலோ, வலி கூடினாலோ, கண் மங்கினாலோ அந்த நிமிடமே தன்னிடம் வர வேண்டும் என்றார். இரவு முழுவதும் ஓடும் ரயிலில் இருந்துகொண்டு எப்படி வருவது? வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். மணிக்கொரு தடவை கண்ணாடி பார்த்தேன். லேசான வீக்கம் மட்டுமே இருந்தது.

பதினான்கு மாதங்களில் மேடு மறுபடி தெரியத் தொடங்கியிருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் அதே வைத்தியரிடம் போகிறேன். இம்முறையும் இரண்டு நாள் தங்குவேன் என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டேன்.