மூன்றாம் கேள்வி

பொருளியல் படிப்பித்த எங்கள் சேர் காலமான செய்தி வந்த அன்று எனக்கு இரவு வேலை. இடைவேளையில்தான் கைப்பேசியைப் பார்த்தேன். அப்புறம் விடியும்வரை ஒரு பழைய ஒலிநாடாவின் இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

உயர்தர வகுப்பில் அவரிடம் படித்தவர்களுக்கு அந்த நேர்காணல் சனிக்கிழமைகளை நான் விளக்கத் தேவையில்லை. அரைத்தாளில் எட்டுக் கேள்வி, அதைத் திருத்தும் சேரின் சிவப்புப் பேனா, நாடாவில் பதிந்த பேச்சை ஞாயிறு முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கேட்டு எழுதுவது. அரசறிவியல் விரிவுரையாளர் வந்தாலும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி வந்தாலும் கேட்பது நாங்கள்தான். சேர் பின்வரிசையில் இருப்பார். வாய் திறக்க மாட்டார்.

என் முறைக்கு வந்தவர் தேசிய வருமானக் கணக்கிலேயே வாழ்நாளைக் கழித்த பெரியவர். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு நாட்டுக்குள் ஓராண்டில் உற்பத்தியாகும் பொருள், சேவைகளின் மொத்த மதிப்பு என்று பொறுமையாகச் சொன்னார். அடுத்து வளர்ச்சி வீதம். அந்தப் பதிலின் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஆனால் தம்பி, நாங்கள் எண்ணாமல் விட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துது" என்றார். நான் தாளைப் பார்த்து மூன்றாம் கேள்வியை வாசித்தேன்: "பணவீக்கத்தின் வகைகள் யாவை?"

திங்கட்கிழமை சேர் அந்த நாடாவை வகுப்பில் ஓடவிட்டார். அந்த இடத்தில் நிறுத்தி, பின்னுக்குச் சுற்றி, மறுபடியும் போட்டார். மூன்று தடவை. பெரியவரின் குரல், ஒரு மூச்சளவு மௌனம், உடனே என் தாள் சரசரக்கும் சத்தம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "அவர் கதவைத் திறந்துவிட்டார். நீ அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாய்" என்றார் சேர். எல்லார் முன்னாலும் அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று மாலையே என்னைக் கூப்பிட்டு, "சரி, அவர் எதை எண்ணாமல் விட்டார்? தேடிப் பார்" என்று நூலகத்துக்கு அனுப்பியவரும் அவர்தான்.

தேடினேன். தேசிய வருமானத்தை அளக்க வழிவகுத்த சைமன் குஸ்நெட்ஸே 1934-இல் அமெரிக்கக் காங்கிரசுக்குக் கொடுத்த அறிக்கையில், இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் நலனை அறிய முடியாது என்ற பொருளில் எச்சரித்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னொன்று. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்கே வாடகை கொடுப்பதாகக் கணித்து அதை உற்பத்தியில் சேர்க்கிறார்கள். அதே வீட்டில் ஒரு தாய் சமைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் நோயாளியைப் பார்ப்பதும் சேராது. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் மட்டும் சேரும். விடிய எழும்பி நள்ளிரவில் படுக்கும் என் அம்மா எந்த நிரலிலும் இல்லை.

புதிய அரைத்தாளில் ஒரே கேள்வி எழுதினேன்: "இல்லாத வாடகையை மதிப்பிட முடிந்த உங்களுக்கு, இருக்கிற உழைப்பை ஏன் மதிப்பிட முடியவில்லை?" சிவப்புப் பேனா அதில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. அடுத்த தவணையில் பெரியவரை மறுபடி அழைப்பதாக ஏற்பாடு.

தவணை தொடங்குமுன் நான் வெளிநாடு வந்துவிட்டேன். என் தாளை வைத்து வேறொருவன் கேட்டானாம். பதில் நீண்டு, நடுவில் நாடாவை மறுபக்கம் திருப்பிப் போட வேண்டி வந்ததாம். சேர் கடிதத்தில் எழுதியது அவ்வளவுதான்.

பிறகு எத்தனையோ தடவை அவரோடு தொலைபேசியில் பேசினேன். முழங்கால் வலி, கண் சத்திரசிகிச்சை, பேரப்பிள்ளைகள் எல்லாம் விசாரித்தேன். அந்தப் பதிலை மட்டும் கேட்கவில்லை. அடுத்த முறை கேட்கலாம் என்றே இருந்துவிட்டேன்.

அன்று அந்த அறையில் இருந்த யாராவது இந்த மலரை வாசித்தால், பெரியவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.