மாடிச் சாவி

ஜூன் 24, 2024, திங்கள்

பாப்பா இன்றும் பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலியாம். சனி ஞாயிறைக் கழித்தால் இது மூன்றாவது நாள். அவள் அம்மா ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள், முகம் சுளிக்காமல் குடித்துவிட்டாள். அதுதான் சந்தேகமாக இருக்கிறது. ஓமத் தண்ணீரை அப்படிக் குடிக்கிற பிள்ளை இல்லை இவள்.

ஜூன் 25, செவ்வாய்

வயிற்றுவலி இல்லை.

சாயங்காலம் ஜெராக்ஸ் எடுக்க வந்த பையன்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெளியே போய் செருப்பை மாட்டும்போது ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. "தொடப்பத்தோட அப்பாடா."

வீட்டுக்கு வந்து கேட்டேன். ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தலையணைக்கு அடியிலிருந்து ஃபோனை எடுத்து, திறந்து, என் கையில் கொடுத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்விட்டாள்.

பள்ளியின் பெயரைப் போட்டு 'கன்ஃபெஷன்' என்று ஒரு பக்கம். யார் நடத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு விளக்குமாற்றைத் தலைகீழாக நிறுத்தி, நடுவில் என் பெண்ணின் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். சுருட்டை முடி அப்படியே ஈர்க்குச்சிகளுக்குள் கலக்கிற மாதிரி. லைக் 212. கமெண்ட் 64. அறுபத்து நான்கையும் படித்தேன். எல்லாப் பெயரும் கடைக்கு வந்து போகிற பெயர்கள்.

முடி ஓரத்தில் லேசாக நீலம் தெரிகிறது.

ஜூன் 26, புதன்

இருபத்திரண்டு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சுருட்டை முடியை பேக்ரவுண்டிலிருந்து வெட்டி எடுப்பது லேசில்லை. வெட்டவெளியில் எடுத்த படமென்றால் ஃபோன் செயலி தலையைக் கிண்ணம் மாதிரி வெட்டித் தள்ளும். இது சுத்தமாக வந்திருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

பள்ளிக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், டீ கூடக் கொடுத்தார்கள். "பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கிறது சார், எங்களால என்ன பண்ண முடியும்? முதல்ல அந்த ஃபோனை வாங்கி வச்சிடுங்க. பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்."

வீட்டிலும் அதையேதான் சொல்கிறாள். "ஏங்க, பிடுங்கிப் போட்டுட்டா அதுபாட்டுக்கு அடங்கிடாதா?"

அடங்காது. அவளிடம் ஃபோன் இல்லையென்றாலும் 212 பேரிடம் இருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான். இப்போதாவது என்ன சொல்கிறார்கள் என்று தெரிகிறது. தெரியாவிட்டால் வகுப்பில் ஒவ்வொரு சிரிப்பும் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொள்வாள். அவளோடு பேசுகிற ஒரே சிநேகிதியும் அந்த ஃபோனுக்குள்தான் இருக்கிறாள். தப்பு செய்தவன் கையில் ஃபோன், அடிபட்டவள் கையில் ஒன்றுமில்லை. இது என்ன கணக்கு?

இதைப் பள்ளியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அங்கே "சரிங்க சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

மாடிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கினேன். 180 ரூபாய்.

ஜூன் 30, ஞாயிறு

மச்சான் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நாம படிக்கிறப்ப கேலி பண்ணலையா மாப்ள? உன்னை எலின்னு கூப்பிடுவானுங்க. நீ என்ன செத்தா போயிட்ட?"

கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எலி. நாலே காலுக்கு மணி அடிக்கும், நாலே முக்கால் டவுன் பஸ்ஸில் ஏறினால் எங்கள் தெருவுக்கு வந்துவிடுவேன். எங்கள் தெருவில் யாருக்கும் எலியைத் தெரியாது. அங்கே நான் மூத்த பையன், எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள். மறுநாள் காலை வரைக்கும் எலி கிடையாது. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் கிடையாது. பத்தோடு பள்ளி மாறினேன், எலி செத்துப்போனது.

இவளுக்கு அந்த டவுன் பஸ் இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோன் அதிர்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்காருகிறேன்.

2019ல் யூனிசெஃப் 30 நாடுகளில் இளைஞர்களிடம் கேட்டதாகப் படித்தேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இணையத்தில் இப்படிச் சீண்டப்பட்டவர்கள். ஐந்தில் ஒருவர் இதனாலேயே பள்ளிக்கு மட்டம் போட்டவர்கள். மட்டம் என்று எழுதிவிட்டேன். இவளையும் வாத்தியார் ரிஜிஸ்டரில் அப்படித்தானே எழுதியிருப்பார்.

மச்சானிடம் ஒன்று மட்டும் கேட்டேன். 2016ல் சேலம் பக்கத்தில், முகநூலில் மார்ஃபிங் படம் போட்டார்கள் என்று ஒரு பெண் உயிரை விட்டதே, ஞாபகம் இருக்கா? வீட்டார் புகார் கொடுத்தும் போலீஸ் உடனே கவனிக்கவில்லை என்று பேப்பரெல்லாம் வந்ததே? அவர் பதில் சொல்லாமல் காபியைக் குடித்தார். போகும்போது பாப்பாவின் தலையைத் தடவி ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது.

மாடிக்குத் துணி காயப்போட இனி என்னிடம்தான் சாவி வாங்க வேண்டும். ஏன் என்று வீட்டில் கேட்டாள். குரங்கு வருகிறது என்றேன்.

ஜூலை 1, திங்கள்

பள்ளிக்குப் போனாள். பதினொரு மணிக்குத் திரும்பிவிட்டாள். மேசையில் ஒரு விளக்குமாற்றுக் குச்சி. ஒன்றே ஒன்று.

ஜூலை 2, செவ்வாய்

ஸ்டேஷன். நேற்றுத்தான் புதுக் குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ரைட்டர் மேசையில் பழைய பிரிவு எண்ணுக்குப் புது எண் என்ன என்று ஒரு ஜெராக்ஸ் தாள் ஒட்டியிருந்தது. வரிசை கோணலாக, ஓரத்தில் கறுப்பாக அடித்திருக்கிறார்கள். என் கடையாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"அடிச்சானா?" இல்லை. "பணம் போச்சா?" இல்லை. "ஆபாசமா ஏதாவது?" இல்லை, விளக்குமாறு. "விளக்குமாறா?" அவர் சிரிக்கவில்லை, அதற்காகவாவது நன்றி சொல்ல வேண்டும். பின்னாலிருந்த கான்ஸ்டபிள் சிரித்தார். கடைசியில் புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்து, மாவட்ட சைபர் கிரைமுக்குப் போங்க, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்க என்றார்.

ஷட்டரை இறக்கிவிட்டு ராத்திரி பிரிண்ட் போட்டேன். வேலை செய்கிற தம்பி பார்க்கக்கூடாது என்று அவனைச் சீக்கிரமே அனுப்பிவிட்டேன். படம், கமெண்ட், ஸ்டோரி, ஒவ்வொன்றிலும் தேதியும் லிங்க்கும் தெரிகிற மாதிரி. 41 பக்கம். கலர் பிரிண்ட் பக்கத்துக்குப் பத்து ரூபாய் என்று நானே எழுதி வைத்த போர்டு தலைக்கு மேலே தொங்குகிறது. பன்னிரண்டாவது பக்கத்தில் மெஜந்தா தீர்ந்து முகமெல்லாம் பச்சையாக வந்தது. கார்ட்ரிட்ஜ் மாற்றி மறுபடி எடுத்தேன். நல்லா வரட்டும் என்று ஏன் நினைத்தேன்?

ஜூலை 3, புதன்

கடைக்கு எதிரே இருக்கும் வக்கீலிடம் கேட்டேன். இதற்கென்று பெயர் சொல்லித் தனிச் சட்டம் இல்லையாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று முன்பு ஒரு பிரிவு இருந்தது, அதை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. "நல்லதுக்குத்தான் ரத்து பண்ணாங்க. அதை வச்சுக்கிட்டு கார்ட்டூன் ஃபார்வர்டு பண்ணவனையெல்லாம் உள்ள தூக்கிப் போட்டாங்க." ஃபார்வர்டு என்றதும் எனக்கு என்னவோ போலிருந்தது.

ஆனால் ஒரு வழி சொன்னார். படத்துக்குக் கீழே இருக்கும் ரிப்போர்ட் பொத்தானை மட்டும் அமுக்கிவிட்டு உட்காராதீர்கள். (அமுக்கியாயிற்று. 'எங்கள் விதிகளுக்கு முரணாக எதுவும் இல்லை' என்று இரண்டு தடவை பதிலும் வந்தாயிற்று.) 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு செயலிக்கும் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். முகத்தை வெட்டி ஒட்டிய படம் என்று பாதிக்கப்பட்டவர் தரப்பில் எழுத்தில் புகார் போனால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பெண்கள், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அதிலும் போடுங்கள் என்றார். 1930 பணம் பறிபோனவர்கள் அடிக்கிற எண்ணாம். நான் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

அப்பா என்ற முறையில் நான் அனுப்பினேன். 'உறவு' என்ற கட்டத்தில் தந்தை என்று அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

ஜூலை 4, வியாழன்

தழும்பு இல்லை!

பாப்பாவுக்கு இடது புருவத்துக்கு மேலே அம்மைத் தழும்பு உண்டு. விளக்குமாற்றில் இருக்கிற முகத்தில் அது இல்லை. ஒரே ஒரு படத்தில்தான் அது கிடையாது, நான் அழித்தேன். பள்ளி அடையாள அட்டைக்கு, எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நானேதான் எடுத்தேன், வெளிர்நீலப் பின்னணி. அதனால்தான் முடி ஓரத்தில் நீலம். ஒரே நிறப் பின்னணி என்பதால் எந்த ஃபோனும் சுத்தமாக வெட்டிவிடும்.

பெயர் சரிபார்க்க பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அது ஆபீஸ், கிளாஸ் டீச்சர், லீடர் என்று எத்தனை கை மாறியதோ.

இன்று வேலை ஓடவில்லை. ஒரு கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாக அடித்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

பக்கம் போய்விட்டது! காலையில் திறந்தால் 'இந்தப் பக்கம் இல்லை' என்று வருகிறது. வீட்டில் கேசரி கிண்டினாள். பாப்பா இரண்டு கரண்டி சாப்பிட்டாள்.

ஜூலை 6, சனி

அதே பெயர், கடைசியில் ஒரு கோடு கூடுதல். முதல் பதிவு: 'அப்பாகிட்ட சொல்லிட்டியா பாப்பா?'

பாப்பா என்று வீட்டில்தான் கூப்பிடுகிறோம். கடையிலும் ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டிருப்பேன்.

ஜூலை 7, ஞாயிறு

ராத்திரி கேட்டேன், ஏன் முதல் நாளே என்னிடம் சொல்லவில்லை என்று. சொல்லியிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்குமே என்று, கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

"நீங்களும்தானே அனுப்பினீங்க."

புரியவில்லை. எதை?

"ஏப்ரல்ல. அந்த மீசை."

உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்பில் மாநில முதலிடம் வந்த பெண். மார்க்கை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையின் உதட்டுக்கு மேலிருந்த முடியைப் பிடித்துக்கொண்டு நாடே சிரித்தது. ஸ்டூடியோக்காரர்கள் குரூப்பில் யாரோ போட்டார்கள். 'ரீடச்சிங் இலவசம்' என்று எழுதி நான் அதை எங்கள் குடும்ப குரூப்புக்கு அனுப்பினேன். மச்சான் மூன்று சிரிப்புப் பொம்மை போட்டார். அந்தக் குரூப்பில் பாப்பாவும் இருக்கிறாள்.

"அந்த அக்காவும் பார்த்திருப்பாங்கல்லப்பா" என்றாள். அவளைவிட ஒரு வயதுகூடப் பெரியவளாக இருக்காது அது. அக்கா என்கிறாள்.

அழித்துவிடலாம் என்று குரூப்பில் தேடினேன். மேலே, மேலே, மேலே. கிடைத்தது. ஆனால் எனக்கு மட்டும்தான் அழிகிறது. எல்லோருக்கும் அழிக்கிற காலம் தாண்டிவிட்டது.

ஜூலை 8, திங்கள்

சைபர் கிரைம். 41 பக்கங்களையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் எஸ்.ஐ. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார், ஒன்றையும் தாண்டவில்லை. புதுப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். பெயரை மாற்றிக்கொண்டே இருந்தாலும் பின்னால் இருக்கிற எண்ணும் அதைத் திறந்த ஃபோன் நம்பரும் கம்பெனியில் பதிவாகியிருக்கும், கேட்டு எழுதுகிறோம், நாளாகும் என்றார். "பிளாக் பண்ணிடாதீங்க, எதையும் அழிச்சிடாதீங்க." அப்புறம் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "பொண்ணு சாப்பிடுதா? தூங்குதா?"

பதினான்கு நாளில் முதல் தடவையாக ஒருத்தர் இதைக் கேட்கிறார். வெளியே வந்து வண்டியை எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் நின்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

மனநல உதவி எண் 14416க்கு அடித்தேன். பாப்பாவுக்காக என்று சொல்லி ஆரம்பித்தேன். தமிழிலேயே பேசினார்கள். பாதியிலேயே தெரிந்துவிட்டது, எனக்காகத்தான் அடித்திருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. போனாள், முழு நாளும் இருந்தாள்.

ஜூலை 13, சனி

மழை வருகிற மாதிரி இருந்தது. "துணி எடுக்கணும்ப்பா, சாவி குடுங்க" என்று கையை நீட்டினாள். நானே எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். கையை அப்படியே வைத்திருந்தாள்.

"குரங்கெல்லாம் வரலைன்னு எனக்குத் தெரியும்."

கொடுத்தேன். மாடிப்படியில் ஏறுகிற சத்தம், கதவு, கொடியிலிருந்து கிளிப் உருவுகிற சத்தம். எண்ணிக்கொண்டே நின்றேன். பதினேழு கிளிப். இறங்கி வந்து துணிமூட்டையைக் கட்டிலில் போட்டாள். சாவியை என்னிடம் தராமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

சாவி ஆணியிலேயே இருக்கிறது. நாலு தடவை பார்த்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

மொஹரம், லீவு. அவளுடைய சிநேகிதி வந்திருந்தாள், அந்த ஒரே ஒருத்தி. இரண்டு பேரும் ரூமில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார்கள். எத்தனை நாள் ஆயிற்று. முறுக்கு வாங்கி வந்தேன். "அங்கிள், பாப்பாவுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.

ஜூலை 19, வெள்ளி

சைபர் கிரைமிலிருந்து ஃபோன். நாளை பத்து மணிக்கு வரச் சொல்கிறார்கள். மூன்று பேராம், எல்லோரும் ஒரே வகுப்பாம். இரண்டு பையன்கள், ஒரு பெண். பெயர் நேரில்தான் சொல்வார்களாம்.

பாப்பா உள்ளே யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறாள். "நீ நாளைக்கு வர்றியாடி?" என்கிறாள்.