கேள்வித்தாளோடு வாசலுக்குப் போகிறவர்கள்

இனப்பெருக்க நல ஆராய்ச்சி என்று சொன்னதும் பலர் என்னை மகப்பேறு மருத்துவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் படித்தது மக்கள்தொகையியல். எந்தக் கருத்தடை முறையைப் பெண்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏன் பாதியில் விடுகிறார்கள், அதற்கப்புறம் அவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு, எழுதி, கணக்குப் பார்ப்பது என் வேலை. இத்தனை வருடம் இதில் இருந்த பிறகு நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: கேள்வி கேட்க வீட்டு வாசலில் போய் நிற்கிற களப்பணியாளர் யார், அவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஆய்வும் நிற்கும், திட்டமும் நிற்கும்.

எங்கள் துறையில் எல்லோரும் படிக்கிற இடம் வங்கதேசத்தின் மத்லப். ஆறும் வயலுமான பகுதி. காலரா ஆராய்ச்சிக்காக 1963-இல் அங்கே ஒரு நிலையம் வந்தது. 1966 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம், ஊர் மாறிப் போவது எல்லாம் வீடு வீடாகப் பதிவாகி வருகிறது. 1975-இல் அங்கே மாத்திரையையும் ஆணுறையையும் வீட்டுக்கே கொண்டுபோய் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப் போனவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத, வயதான, கணவரை இழந்த பெண்கள். பயன்பாடு சட்டென்று ஏறியது, அப்புறம் சரிந்துவிட்டது. 1977 அக்டோபரில் முறையை மாற்றினார்கள். படித்த, திருமணமான, தாங்களே ஏதாவது ஒரு முறையைப் பயன்படுத்துகிற உள்ளூர்ப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊசி உண்டு, அதுவும் வேண்டாம் என்றால் வேறு வழி உண்டு. தலைசுற்றல், உதிரப்போக்கு என்று யாராவது சொன்னால் கவனிக்க ஆள் உண்டு. சுமார் 70 கிராமங்களில் நடந்தது இது. பத்து சதவீதத்துக்கும் கீழே இருந்த கருத்தடைப் பயன்பாடு ஓரிரு வருடத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க விட்டிருந்த பக்கத்துக் கிராமங்களில் அப்படி ஏறவில்லை.

வகுப்பில் இதை நடத்தும்போது மாணவர்கள் கண் பயன்பாடு ஏறியதைக் காட்டுகிற வரைபடக் கோட்டிலேயே இருக்கும். நான் அந்தப் பெண்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். மழைக்காலத்தில் படகில் போய், போன தடவை சொன்ன வயிற்றுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் அவர்கள். மத்லபில் வென்றது அந்தக் கேள்விதான் என்பது என் கட்சி.

எங்கள் ஆய்வு ஒன்றில் நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வட தமிழ்நாட்டுக் கிராமம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டில் மாமியார் திண்ணையை விட்டு நகரவில்லை. “அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் என்னம்மா கேக்கறீங்க?” என்றார். மருமகள் எல்லாவற்றுக்கும் “ஒண்ணும் இல்லக்கா” என்றே சொன்னார். எங்கள் களப்பணியாளர் கேள்வித்தாளை மூடிப் பைக்குள் வைத்தார். “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க பெரியம்மா? யார் பிரசவம் பாத்தாங்க?” என்று மாமியார் பக்கம் திரும்பிவிட்டார். அந்த அம்மா பேசினார், பேசினார், பிறந்து தங்காத பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டார். மருமகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த தடவை போனபோது மாமியாரே, “நீ உள்ள போய்ப் பேசு, நான் மாட்டைப் பாத்துக்கறேன்” என்று எழுந்துபோனார். அப்புறம்தான் விஷயம் வந்தது. மாதாமாதம் அளவுக்கு மீறின போக்கு, ஓயாத வெள்ளைப்படுதல், நாற்று நடக் குனிந்தால் நிமிர முடியாத இடுப்புவலி. ஆபரேஷனால் வந்ததா என்று அதை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதுவரை யாரிடமும் அவர் சொன்னதில்லை. முதல் நாளே படிவத்தை நிரப்பியிருந்தால் ‘பிரச்சினை இல்லை’ என்று பதிவாகி, அது என் அட்டவணையின் சதவீதக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங் என்பவரும் அவர் குழுவும் செய்த ஆய்வு 1989-இல் வந்தது. இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்ததில் 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 சதவீதம். அந்த எண்கள் இன்றைக்கும் என்னை உலுக்குகின்றன.

படிவத்துக்கு இவ்வளவு என்று களப்பணியாளருக்குக் கூலி பேசுவது எங்கள் துறையில் சாதாரணம். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் குடும்ப நலத் திட்டமே சாட்சி. 1994-இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் பெண்ணின் நலமும் விருப்பமும்தான் முதலில் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இத்தனை பேருக்குக் கருத்தடை செய்தாக வேண்டும் என்கிற இலக்கு முறையைக் கைவிடுவதாக 1996-இல் இந்தியாவும் அறிவித்தது. ஆனாலும் 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் கருத்தடை அறுவை செய்தார்கள்; பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். முகாம்களை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் திருமணமான பெண்களில் தாங்களே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3. சுமை இன்னும் யார் உடம்பில் இருக்கிறது என்று பாருங்கள்.

அதனால் நிதி கேட்டு எழுதும்போதெல்லாம் களப்பணியாளருக்கு மாதச் சம்பளம், ஒரே வீட்டுக்குத் திரும்பப் போக நாள், போக்குவரத்துச் செலவு எல்லாம் தனித்தனியாகப் போடுகிறேன். பணம் தருகிறவர்கள் முதலில் கை வைப்பதும் அங்கேதான். கடைசித் திட்டத்தில் பயணத்தைக் கொஞ்சம் குறைக்க ஒப்புக்கொண்டேன், மாதச் சம்பளத்தை விடவில்லை. அந்த ஆய்வின் கட்டுரையில் களப்பணியாளர்கள் இருவரையும் ஆசிரியர்களாகச் சேர்த்தோம். அவர்கள் பங்களிப்பு என்ன என்று இதழிலிருந்து கேட்டார்கள். “உடல்நலப் பிரச்சினை உண்டா?” என்று நாங்கள் எழுதியிருந்த இடத்தில், “குடம் தூக்க முடியுதா, குனிஞ்சு வேலை பாக்க முடியுதா?” என்று மாற்றியது அவர்கள்தான். அதையும், அதனால் கிடைத்த பதில்களையும் விவரமாக எழுதி அனுப்பினோம். இரண்டு பெயர்களும் அச்சில் வந்தன.