‘சாம்பிள்’ அனுப்புவதும் ‘சாம்பிளை’ அனுப்புவதும்

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவரோடு பேசி ஆர்டர்களைக் கவனிப்பவராக, இருக்கும் இளைஞர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் என் மாலை வகுப்புக்குள் கைப்பேசியை நீட்டியபடியே நுழைந்தார். வெளிநாட்டு பையருக்கு (துணி வாங்குபவருக்கு) அவர் எழுதிய மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும் திரையில் இருந்தன. ‘ஐ ஹேட் சென்ட் தி சாம்பிள் எஸ்டர்டே’ என்று அவர் எழுதியிருந்தார். அனுப்பிய பிறகு என்ன ஆயிற்று, பார்சல் திரும்பி வந்துவிட்டதா என்று பையர் கேட்டிருந்தார். பார்சலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கூரியர் ரசீது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. “அனுப்பியிருந்தேன்னுதானே சார் எழுதினேன், அதுல என்ன தப்பு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. வகுப்பில் இருந்த பதினான்கு பேரையும் பார்த்து, ‘நேற்று சாம்பிள் அனுப்பினேன்’ என்பதற்கும் ‘நேற்று சாம்பிள் அனுப்பியிருந்தேன்’ என்பதற்கும் தமிழில் என்ன வேறுபாடு என்று கேட்டேன். ஒருவருக்கும் இலக்கணச் சொல் எதுவும் தெரியவில்லை, ஆனால் இரண்டே நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து விடை வந்தது: “அனுப்பினேன்னா வெறும் தகவல்ங்க சார். அனுப்பியிருந்தேன்னா, அதை வச்சு அடுத்து ஏதோ கேக்கப் போறோம்னு அர்த்தம்.” நான் படித்த மொழியியல் நூல்களில்கூட இவ்வளவு தெளிவான விளக்கத்தைக் கண்டதில்லை. தமிழில் ‘இருந்தேன்’ சேர்ந்த அந்த வினைமுற்று, செய்தியைப் பின்னணியாக வைத்துவிட்டு அடுத்த பேச்சுக்கு இடம் விடுகிறது. ஆங்கிலத்தின் ‘ஹேட் சென்ட்’டும் பின்னணிதான் அமைக்கிறது, ஆனால் அந்தப் பின்னணியில் அடுத்து வர வேண்டிய நிகழ்ச்சியும் இறந்தகாலத்திலேயே நடந்திருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. அந்த இரண்டாவது நிகழ்ச்சி எங்கே என்றுதான் பையர் தேடியிருக்கிறார். நம் மெர்ச்சண்டைசரோ, ‘கிடைத்ததா?’ என்று இப்போது கேட்பதற்காக அந்த வாக்கியத்தை எழுதியிருந்தார்.

ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆறு ஆண்டுகள் நான் இந்த இடத்தைத் தவறாகவே கற்பித்துவந்தேன். பன்னிரண்டு கட்டம் கொண்ட கால அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, ‘ஹேட் சென்ட்’ போன்ற வினைகளுக்கான ‘பாஸ்ட் பர்ஃபெக்ட்’ கட்டத்துக்கு நேரே விதியையும் உதாரணத்தையும் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வேன். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே மறுநாள் விடுப்புக் கடிதத்தில் ‘ஐ ஹேட் கான் டு மை நேட்டிவ்’ என்று எழுதித் தந்தார்கள். அவர்களுக்கு விதி நன்றாகத் தெரிந்திருந்தது. ‘போயிருந்தேன்’ என்ற சொல் அவர்கள் மனத்தில் ஏற்கெனவே உறுதியாக உட்கார்ந்திருக்கிறது என்பதை நான்தான் கணக்கில் எடுக்கவில்லை.

பிறமொழியாளருக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் இலக்கணத்துக்கு என்ன இடம் என்ற விவாதம் மிகப் பழையது. லத்தீனுக்குப் பழகிய மொழிபெயர்ப்பு வழி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழும் மொழிகளுக்கும் வந்தது. அது தாய்மொழியை வகுப்புக்குள் வைத்திருந்தாலும், சொல்லுக்குச் சொல் ஈடு தேடும் அகராதியாகவே வைத்திருந்தது. அடுத்த அலை நம் ஊருக்கு மிக நெருக்கமானது. 1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளுக்கு வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திய பாடத்திட்டம் வந்தது, அந்த முறையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கப் பெரிய இயக்கமே நடந்தது. ‘திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ பென்’ என்று ஆசிரியர் பொருளைக் காட்டிச் சொல்ல வகுப்பே திருப்பிச் சொன்ன காலத்தில் படித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கட்டத்தில் சொற்களை மாற்றி மாற்றிப் பொருத்தும் பயிற்சியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் ஹரால்ட் பாமர் வளர்த்தெடுத்திருந்தார். இந்த முறையில் தமிழுக்கு வேலையே இல்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் வாங்குவார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் அந்தப் பயத்தில் இரண்டு மொழியிலும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என்.எஸ். பிரபுவை நான் தனி மரியாதையோடு நினைக்கிறேன். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில், இலக்கணப் பாடத்திட்டம் என்ற ஒன்றே இல்லாமல் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொல்வது, வரைபடத்தில் வழி கேட்பது போன்ற வேலைகளே பாடம். ஆசிரியர் முதலில் அதேபோன்ற ஒரு கணக்கை வகுப்பு முழுவதோடும் பேசிப் பேசித் தீர்ப்பார், பிறகு மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியே இன்னொன்றைச் செய்ய வேண்டும். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் உள்ளுக்குள் தானே உருவாகும் என்பது அவருடைய நம்பிக்கை. பின்னர் ஆய்வாளர்கள் ஆலன் பெரட்டாவும் ஆலன் டேவிஸும் சோதித்தபோது, வாக்கிய அமைப்பைத் தனியே கேட்ட தேர்வில் பழைய முறை வகுப்புகள் முந்தின, படித்தும் கேட்டும் புரிந்துகொள்ளும் தேர்வுகளில் பிரபுவின் வகுப்புகள் முந்தின. ஐம்பது பேர் நெருங்கி உட்கார்ந்திருக்கும் நம் வகுப்பறைகளை மனத்தில் வைத்துச் சிந்தித்த முறை அது என்பதாலேயே உலகம் முழுவதும் பேசப்பட்டதைவிட நம்மிடம் குறைவாகப் பேசப்படுவது எனக்கு உறுத்துகிறது.

என் வகுப்பில் அவரைப் பின்பற்றியே தொடங்குகிறேன். ரயில் அட்டவணைக்குப் பதிலாகக் கப்பல் அட்டவணை. தூத்துக்குடியில் கன்டெய்னருக்குக் கட்-ஆஃப் (சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரம்) வியாழன் மாலை, தையல் முடிந்து துணி வருவது புதன் இரவு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு அரை நாள் வேண்டும், லாரி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், பையருக்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டால் வகுப்பே விழித்துக்கொள்கிறது. ஆனால் பிரபுவிடமிருந்து நான் விலகும் இடமும் அங்கேதான் இருக்கிறது. வேலையின் நடுவே பொருள் சிக்கும்போது சற்று நிறுத்தி அந்த வடிவத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று மொழிக் கற்றல் ஆய்வாளர் மைக்கேல் லாங் 1990களில் வற்புறுத்தினார். அப்படி நிறுத்தும் நேரத்தை நான் தமிழில் செலவிடுகிறேன். தமிழில் அந்தப் பொருள் எந்த வடிவத்தில் வருகிறது என்று மாணவரைக் கொண்டே சொல்லவைத்த பிறகுதான் ஆங்கில வடிவத்துக்குப் போகிறேன்.

இதற்கு மிக நல்ல உதாரணம் ‘எ’, ‘தி’ என்னும் ஆர்ட்டிகிள்கள். தமிழில் இவை இல்லை, ஆகவே தமிழருக்கு இவை வராது என்று ஆசிரியர்களே கைவிட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ‘சாம்பிள் அனுப்புங்கள்’, ‘சாம்பிளை அனுப்புங்கள்’ என்ற இரண்டு வாக்கியங்களையும் பலகையில் எழுதி, பையர் இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள், அப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். முதலாவதற்கு, ஏதாவது ஒன்றை எடுத்து அனுப்பலாம் என்பார்கள். இரண்டாவதற்கு, ஏற்கெனவே பேசி வைத்த அந்தச் சாம்பிளைத்தான் அனுப்ப வேண்டும் என்பார்கள். இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து வரும் என்று பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம், அது எப்போது மறைகிறது, எப்போது மறைய மறுக்கிறது என்று மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அஃறிணைச் செயப்படுபொருளில், கேட்பவருக்கும் தெரிந்த குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போது நம் நாக்கு ‘ஐ’யைத் தானாகவே சேர்க்கிறது. ஆங்கிலம் அதே இடத்தில் ‘தி’ வைக்கிறது. இதைக் கண்டுகொண்ட அன்று வகுப்பில் சிலர் தங்கள் பழைய மின்னஞ்சல்களைத் திறந்து வரிவரியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தது என் நினைவில் அப்படியே இருக்கிறது.

இந்த வழி முழுவதும் கைகொடுக்காது என்பதையும் அன்றே சொல்லிவிடுகிறேன். ‘ஆசிரியரைப் பார்த்தேன்’ என்று உயர்திணையில் ‘ஐ’ பெரும்பாலும் வந்தே தீரும், அங்கே அது தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரித்துக் காட்டாது. எழுவாயில் உருபே இல்லை. அங்கே ‘ஒரு பையன் வந்தான்’, ‘பையன் வந்தான்’ என்ற வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ‘ஒரு’ இல்லாத பையன் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பையன். ‘தி சன்’, ‘தி ரிச்’ போன்றவற்றைப் பழக்கத்தால்தான் பெற முடியும். ஆனால் பாதி தூரம் மாணவர் தம் சொந்தக் காலில் நடந்து வந்துவிடுகிறார், மீதியைக் கற்பிப்பது எளிதாகிறது.

இரு மொழிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது புதிய யோசனை அல்ல. மொழியியலாளர் ராபர்ட் லாடோ 1957இல் அதையே ஒரு முறையாக வகுத்தார். தாய்மொழியை ஒத்திருப்பது எளிதாக வரும், மாறுபடுவது கடினமாக இருக்கும், ஆகவே பிழைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அதன் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது, எப்படிப் பொய்த்தது என்பதற்குத் தமிழரே சாட்சி. ‘வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள்’ என்று ஒவ்வொரு எழுவாய்க்கும் வினைமுற்றை மாற்றிப் பழகியவர்களுக்கு, ‘ஷி கம்ஸ்’ என்பதில் வரும் ஒரே ஒரு ‘ஸ்’ எவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்! ஆனால் என் மாணவர்கள் இரண்டு ஆண்டு கழித்தும் ‘ஷி கம் டெய்லி’ என்கிறார்கள். ஆய்வாளர்கள் ஹெய்டி டுலேயும் மரினா பர்ட்டும் 1974இல் ஸ்பானிய, சீனத் தாய்மொழிக் குழந்தைகளின் ஆங்கிலத்தை ஒப்பிட்டபோது, இரு குழுவினருக்கும் சிறு உருபுகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் வந்ததையும், இந்த ‘ஸ்’ கடைசியில் வருபவற்றுள் ஒன்றாக இருந்ததையும் கண்டார்கள். அதற்கு முன்பே 1967இல் மொழியியலாளர் பிட் கார்டர், பிழை என்பது மாணவர் தமக்குள் கட்டிக்கொண்டிருக்கும் ஒழுங்கின் தடயம் என்று எழுதியிருந்தார். 1972இல் லாரி செலிங்கர் அந்த ஒழுங்குக்கு ‘இடைமொழி’ என்ற பொருள்படும் பெயரைக் கொடுத்தார்.

இதையெல்லாம் காட்டி, தாய்மொழி ஒப்பீடே வீண் என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆர்ட்டிகிள் இல்லாத ஜப்பானிய, கொரிய மொழிகளைப் பேசுவோருக்கு ஆங்கில ஆர்ட்டிகிள்கள் தாமதமாகவே வருகின்றன என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின, ஆக எல்லாருக்கும் ஒரே வரிசை என்பதும் முழு உண்மை அல்ல. மாணவர் என்ன பிழை செய்வார் என்று ஒப்பீட்டை வைத்துச் சோதிடம் சொல்ல முடியாது, செய்துவிட்ட பிழை எங்கிருந்து வந்தது என்று அவரோடு உட்கார்ந்து தேடுவதற்கு அதைவிட நல்ல கருவி என்னிடம் இல்லை. ‘ஹேட் சென்ட்’ தமிழிலிருந்து வந்த பிழை, பேசித் தீர்க்கலாம். ‘ஷி கம்’ அப்படிப்பட்டதல்ல, அதற்கு விளக்கம் வேலை செய்யாது. மின்னஞ்சலைத் திருத்தும்போது அந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் மட்டும் போட்டுவிட்டு, அது வருகிற காலத்தில் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

சென்ற மாதம் கப்பலைத் தவறவிட்ட ஆர்டர் ஒன்றைப் பற்றிய மின்னஞ்சலை வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தோம். சரக்கை விமானத்தில் அனுப்பியாக வேண்டிய நிலை. ‘வீ வில் ஹேவ் டு பேர் தி ஏர் ஃப்ரெய்ட்’ என்று எழுதிய ஒரு பெண் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நாங்கள்னு எழுதினா எங்க செலவுங்க சார். நாம்னு எழுதினா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ‘வீ’ தானே, பையர் எப்படிங்க எடுத்துக்குவார்?” என்று கேட்டார். ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டுக்குத் தனிச் சொல் இல்லை என்றும், ஆங்கிலேயர்களும் இந்த இடத்தில் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் சற்று யோசித்து, ‘வீ’யை அடித்துவிட்டு அந்த இடத்தில் தம் நிறுவனத்தின் பெயரை எழுதினார். பிறகு மின்னஞ்சல் முழுவதையும் மேலிருந்து படித்து, இன்னும் மூன்று ‘வீ’க்களைக் கண்டுபிடித்தார். இரண்டை அதேபோல மாற்றினார். அடுத்த சீசனிலும் சேர்ந்து வேலை செய்வோம் என்ற கடைசி வரியில் இருந்த ‘வீ’யைச் சுட்டி, “இது நாம்தானுங்க சார்” என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்.