சம்பள உயர்வு வேண்டாம் என்று எழுதித் தர முடியுமா?

ஜனவரி பிறந்தால் எங்கள் ஆபீஸ் தளத்தில் எல்லோருக்கும் எரிச்சல் பிறந்துவிடும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு வரவேண்டிய பணத்தை அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் கேட்டு வாங்குவதுதான் எங்கள் பிழைப்பு. ஏ.ஆர். காலிங் என்று சொல்வார்கள். டிசம்பர் வரை ஒழுங்காகப் பணம் வந்துகொண்டிருந்த நோயாளியின் கிளெய்ம், ஜனவரியில் 'பி.ஆர். 1' என்று முத்திரை குத்தப்பட்டுத் திரும்பி வரும். பி.ஆர். என்றால் நோயாளி கட்டவேண்டியது. ஒன்று என்றால் டிடக்டபிள். 'கிளெய்மில் குறையேதும் இல்லை. ஆனால் வருடத்தின் முதல் சில ஆயிரம் டாலரை நோயாளிதான் கட்ட வேண்டும், அது தீர்ந்த பிறகு எங்களிடம் வாருங்கள்' என்று கம்பெனி கைகழுவுகிறது. பெரும்பாலான பாலிசிகளில் இந்தக் கணக்கு ஜனவரி 1 அன்று மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் முட்டி ஆபரேஷன்கள் குவிவது இதனால்தான். வருடம் முழுக்கக் கட்டி டிடக்டபிளைத் தாண்டியவர்கள், வருடம் முடிவதற்குள் எல்லாவற்றையும் செய்துகொள்ளப் பார்ப்பார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் மாலை நாலரைக்கு கேப் வரும். எண்ணூரிலிருந்து வரும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து போய்ச் சேர்ந்ததும் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். உள்ளே பேனாவும் காகிதமும்கூடக் கூடாது. நோயாளியின் விவரம் வெளியே போகக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். கம்பெனிக்கு போன் போட்டால் முக்கால் மணி நேரம்கூட ஹோல்டில் ஒரே இசை ஓடும். ஒருவழியாக எடுப்பவர் பல நேரம் மணிலாவில் இருப்பார். எங்கேயோ ஒரு அமெரிக்கரின் முட்டிக்கு யார் பணம் கட்டுவது என்று ஒரு தண்டையார்பேட்டைக்காரியும் ஒரு பிலிப்பைன்ஸ்காரரும் நடுராத்திரியில் மரியாதையாகச் சண்டை போடுவோம்.

கணக்கும் ஒரு தினுசானது. உதாரணத்துக்கு, ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரி 2,400 டாலர் பில் போடுகிறது என்று வையுங்கள். கம்பெனியோடு பேசிவைத்த விலை 700. மீதி 1,700-ஐ 'சி.ஓ. 45' என்று போட்டு ஆஸ்பத்திரியே தள்ளுபடி செய்துவிடும். அதே ஸ்கேனுக்கு இன்னொரு கம்பெனியின் விலை 1,100 ஆக இருக்கலாம். டிடக்டபிள் தீராத நோயாளிக்கு அந்த 700 முழுக்க அவர் தலையில். இன்சூரன்ஸ் இருந்தது, கார்டு செல்லுபடியானது, கிளெய்ம் அப்ரூவ் ஆனது, கம்பெனி கொடுத்ததோ பூஜ்யம். இது முறைகேடு இல்லை, பாலிசியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2025-ல் ஒபாமாகேர் சட்டப்படி விற்கும் பாலிசிகளில் ஒரு தனி ஆள் தன் கையிலிருந்து வருடத்துக்கு 9,200 டாலர் வரை கட்டவேண்டி வந்தது, குடும்பம் என்றால் 18,400 வரை. மாதாமாதம் கட்டும் பிரீமியம் இதில் சேராது.

கொஞ்ச காலம் நோயாளிகளின் அழைப்பை எடுக்கும் பிரிவில் இருந்தேன். ஒருநாள் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு அம்மா கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. "மாதம் தவறாமல் கட்டுகிறேன். கார்டு செல்லும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள். அப்படியானால் இது என்ன?" என்றார். சொல்லிக்கொடுத்தபடி, உங்கள் கிளெய்ம் அப்ரூவ் ஆகிவிட்டது என்று ஆரம்பித்தேன். "என்னத்தை அப்ரூவ் செய்தார்கள்? நான் கட்டவேண்டும் என்பதையா?" என்று கேட்டார். அதற்கு எங்கள் ஸ்கிரிப்ட்டில் பதில் கிடையாது. கடைசியில் மாதம் 25 டாலர் தவணைக்குப் பிரித்துக் கொடுத்தேன். நம் ஊரில் மிக்ஸிக்குத் தவணை கட்டுவதுபோல அவர் ஸ்கேனுக்குக் கட்டினார்.

அமெரிக்க அரசியல்வாதிகள் இதைப் பற்றிச் சண்டை போடும்போதெல்லாம் நான் அந்த அம்மாவைத் தேடிப் பார்ப்பேன், அவர் எங்கேயும் வரமாட்டார். 2010 மார்ச் 23-ல் ஒபாமா கையெழுத்துப் போட்ட அந்த ஒபாமாகேர் சட்டம் பெரிய காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி பாலிசி மறுப்பதை 2014 முதல் நிறுத்தியது. அதற்கு முந்தைய காலத்துப் பழைய கணக்குகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2017 ஜூலை 28 அன்று அதை உருவும் முயற்சி செனட்டில் 51-49 என்று தோற்றது. ரிபப்ளிக்கன் செனட்டர் ஜான் மெக்கெய்ன் தன் கட்சியையே எதிர்த்துக் கட்டைவிரலைக் கீழே காட்டியபோது வாஷிங்டனில் பின்னிரவு ஒன்றரை, இங்கே காலை பதினொன்று. நாங்கள் எல்லோரும் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் கேபில்தான் செய்தி தெரிந்தது. சட்டம் வந்த புதிதில் 'இனி நம்ம வேலை அவ்வளவுதான்' என்று சீனியர்கள் பயந்தார்களாம். நடந்தது நேர்மாறு. இன்சூரன்ஸ் உள்ளவர்கள் கூடினார்கள், கிளெய்ம் கூடியது, எங்கள் பக்கம் ஆள் எடுத்தார்கள்.

அப்புறம் 2025. ஒபாமாகேர் பாலிசிகளுக்கு அரசு 2021-ல் கூட்டிக் கொடுத்த பிரீமியம் மானியம் அந்த டிசம்பர் 31-ஓடு முடிவதாக இருந்தது. அதை நீட்டிக்காமல் அரசின் செலவு மசோதாவுக்கு ஓட்டுப் போடமாட்டோம் என்று டெமாக்ரட்டுகள் நின்றார்கள், முதலில் அரசாங்கத்தைத் திறங்கள், பிறகு பேசலாம் என்று ரிபப்ளிக்கன்கள் நின்றார்கள். அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள் அரசாங்கமே மூடிக் கிடந்தது. திறந்தது, மானியம் நீளவில்லை. மானியம் போனால் சாதாரண ஜனங்கள் பாலிசியையே விட்டுவிடுவார்கள் என்றது ஒரு பக்கம். அந்தப் பணம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத்தான் போகிறது, மக்கள் கையிலேயே கொடுப்போம் என்றார் டிரம்ப். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் பாதி உண்மை பேசினார்கள். கையில் பணத்தைக் கொடுத்து அனுப்பினால், அந்த 2,400 டாலர் ஸ்கேனை 700-க்குப் பேரம் பேச ஒற்றை ஆளால் முடியுமா? கம்பெனி பின்னால் இருப்பதால்தான் விலை இறங்குகிறது. அதே சமயம் மானியம் பிரீமியத்தை இறக்குமே தவிர, ஸ்கேனின் விலையை ஒரு டாலர்கூட இறக்காது. பிரீமியம் குறைவு என்று, டிடக்டபிள் அதிகமுள்ள வெண்கல (Bronze) வகை பாலிசி எடுத்தவரின் கிளெய்ம்தான் பி.ஆர். 1 என்று எங்களிடம் அதிகம் வருகிறது.

எங்கள் தளத்திலும் கட்சிகள் உண்டு. முதியவர்களுக்கு அரசே நடத்தும் மெடிகேர் இன்சூரன்ஸை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கேபில் பெரிய விவாதமே நடந்தது. மெடிகேர் கிளெய்மைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எங்களுக்கு வேலையே குறைவு. விதிகள் எல்லாம் வெளிப்படை, சரியாக அனுப்பிய கிளெய்முக்கு இரண்டு வாரம் கழித்துப் பணம் வந்துவிடும். அதே முதியவர் தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜுக்கு மாறினால் ப்ரீ ஆத் (முன் அனுமதி) இல்லை, பேப்பர் வரவில்லை, அவசியமில்லாத சிகிச்சை என்று அடுக்கடுக்காக மறுப்பு. நாங்கள் சம்பாதிப்பது இந்தச் சிக்கலில்தான். "பெர்னி ஜெயிச்சா நாம மறுபடி பர்மா பஜார்ல சார்ஜர் விக்கணும்க்கா" என்று ஒரு தம்பி சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக் கடன் உள்ளவள் வேறு என்ன செய்வாள்.

அதே தம்பிதான் ஒரு மார்ச் மாதம் இன்க்ரிமென்ட் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான். முகத்தில் சந்தோஷம் இல்லை. "அக்கா, இது வேணாம்னு எழுதிக் குடுக்க முடியுமா?"

விஷயம் இதுதான். அவன் அம்மாவுக்கு டயாலிசிஸ், தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. மூலமாக அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் நடந்துகொண்டிருந்தது. ஈ.எஸ்.ஐ.க்கு சம்பள வரம்பு 21,000 ரூபாய். 2017 ஜனவரியில் வைத்தது. அந்தச் சம்பளத்தில் தொழிலாளியிடம் பிடிப்பது முக்கால் சதவீதம், மாதம் 157 ரூபாய் சொச்சம். அதற்கு அம்மாவின் மருந்து, டயாலிசிஸ் எல்லாம் அடங்கிவிடும். கடிதத்தில் இருந்த புதுச் சம்பளம் வரம்பைச் சில நூறு ரூபாயில் தாண்டியிருந்தது. உடனே கதவைச் சாத்திவிட மாட்டார்கள், நடப்பு ஆறு மாதக் கணக்கு முடியும்வரை பிடித்தம் ஓடும், அதற்கான பலனும் அதற்குப் பின் கொஞ்ச மாதம் கிடைக்கும். ஆனால் டயாலிசிஸ் கொஞ்ச மாதத்தில் முடிகிற வைத்தியமா?

முதலமைச்சர் காப்பீட்டில் சேரலாமே என்றால், அங்கே குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-ஐத் தாண்டக்கூடாது. மாதம் பத்தாயிரம். வடசென்னையில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் எந்தக் குடும்பம் அதில் ஓடும்? வருமானச் சான்றிதழில் எப்படியெல்லாம் எழுதி வாங்குகிறார்கள் என்பது ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் ஒருநாள் நின்றவர்களுக்குத் தெரியும். நான் குறை சொல்ல மாட்டேன். கம்பெனியின் குரூப் பாலிசியில் அம்மாவைச் சேர்க்கலாம், அதற்குத் தனியாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள். கூட்டிக் கழித்தால் உயர்வில் மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை. சொந்தமாகப் பாலிசி எடுத்தால், இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024-க்கு முன் அது நான்கு வருடம். அமெரிக்காவில் இன்று எந்தக் கட்சியும் தொடத் தயங்கும் அந்த 'ஏற்கெனவே உள்ள நோய்' பாதுகாப்பு நமக்கு இன்னும் முழுசாக வரவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுத்ததைக் கொண்டாடினோம், சரிதான். ஆனால் பாலிசியே கிடைக்காதவருக்கு வரி இருந்தால் என்ன, போனால் என்ன?

அவன் கடிதத்தைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அமெரிக்காவின் 62,600 டாலர். 2026-க்கு மானியம் வாங்க, தனி ஆளின் வருமானம் அந்தத் தொகையைத் தாண்டக்கூடாது. ஒரு டாலர் கூடினாலும் மானியம் முழுக்கப் போய்விடும். 2021-ல் அந்த வரம்பைத் தூக்கிவிட்டு, வருமானத்தில் எட்டரை சதவீதத்துக்கு மேல் பிரீமியம் போகாது என்று வைத்திருந்தார்கள். அதுதான் முடிந்துபோனது. எங்கே கோடு போட்டாலும் அதற்கு ஒரு அடி அந்தப் பக்கம் நிற்பவன்தான் அதிகம் அடிபடுகிறான். அவன் பரம ஏழை இல்லை, அதனால் அவனுக்காக யாரும் பேசுவதில்லை.

நான் சொன்னது, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போ என்று. எங்கள் பகுதிப் பெரியவர்கள் இன்னும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரம்தான் அதன் தொடக்கம். அவனுக்குத் தயக்கம். கூட்டம், அழுக்கு, நாள் முழுக்க நிற்கணும் என்றான். எல்லாம் உண்மை. வார்டில் சொந்தக்காரர் ஒருவர் கூடவே இருந்தால்தான் காரியம் நடக்கும், ஸ்கேனுக்குத் தேதி தள்ளிப் போகும், வீல்சேர் தள்ளுவதற்குக் கையில் நூறு ரூபாய் வைத்திருக்கச் சொல்வார்கள். அவனுக்கு இரண்டு மூன்று முறை அலைந்த பிறகுதான் இடம் கிடைத்தது, வாரத்துக்கு இரண்டு முறை. ஆனால் சம்பளச் சீட்டை யாரும் கேட்கவில்லை.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோதே இங்கே ஒரு வாதம் நடந்தது. அரசுப் பணத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதற்குப் பதில் அரசு ஆஸ்பத்திரிக்குச் செலவழிக்கக்கூடாதா என்று. பிறகு அரசு ஆஸ்பத்திரிகளையும் திட்டத்தில் சேர்த்தார்கள், அங்கே நடக்கும் ஆபரேஷனுக்கும் காப்பீட்டுப் பணம் வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அந்தப் பழைய வாதம் தீரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அட்டை எத்தனை லட்சத்துக்கு என்று தேர்தல் மேடையில் சொல்வது சுலபம். டயாலிசிஸ் மெஷின் எத்தனை, அதை இயக்க டெக்னீஷியன் எத்தனை பேர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதை ஒருநாள் கேபில் சொன்னபோது எங்கள் சீனியர் ஒருவர் மறுத்தார். "அங்கேயும் நம்ம அரசு ஆஸ்பத்திரி மாதிரி கவுன்டி ஆஸ்பத்திரி இருக்குதும்மா. எமர்ஜென்சின்னு வந்தா யாரையும் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு 1986-லயே சட்டம் போட்டுட்டாங்க." ஆமாம், போட்டார்கள். பார்த்துத்தான் ஆக வேண்டும், ஆனால் பில் போடக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அவருக்கும் அது தெரியும். அவர் டீம் பார்ப்பதே எமர்ஜென்சி பில்கள்தான்.

தம்பி உயர்வை வாங்கிக்கொண்டான். அம்மாவை ஸ்டான்லிக்குக் கூட்டிப்போகும் நாட்களில் கேபுக்கு வராமல் நேராக அங்கிருந்தே பைக்கில் வருகிறான். லாகின் ஒரு மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை என்று மேலே பேசி வாங்கியிருக்கிறேன், எழுத்தில் இல்லை. அடுத்த மேனேஜர் வந்தால் மறுபடியும் பேச வேண்டும்.