புது பேட்டரி போட்டும் ஓடாத வாட்ச்

புது செல் போட்ட கையோடு வாட்ச் நின்றுபோனால் "மெஷின் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். செல் தீரும்வரை ஒழுங்காக ஓடிய மெஷின், மூடியைத் திறந்த ஐந்து நிமிடத்தில் தானாகக் கெடுவது அபூர்வம். மாற்றும்போது கை பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். மூன்று முள் வாட்ச்களில் பரவலாகக் காணப்படும் மியோட்டா 2035 என்ற மெஷினை வைத்துச் சொல்கிறேன். மற்ற மெஷின்களுக்கும் ஏறக்குறைய இதேதான்.

முதல் சந்தேகம் செல் மேலேயே இருக்கட்டும். 2035-க்கு வேண்டியது எஸ்ஆர் 626 எஸ்டபிள்யூ, அதாவது 377. இதோடு குழம்புவது 364 (எஸ்ஆர் 621). இரண்டுக்கும் விட்டம் 6.8 மி.மீ. தான், உயரம் மட்டும் 377-க்கு 2.6, 364-க்கு 2.1. அரை மில்லிமீட்டர் குறைந்தால் செல் உள்ளே ஆடும், தொடர்பு விட்டு விட்டு வரும். அட்டையில் மலிவாகக் கிடைக்கும் ஏஜி4 அளவில் சரியாக உட்காரும், ஆனால் அது ஆல்கலைன். ஓட ஓட அதன் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். 377 சில்வர் ஆக்சைடு செல், அது கடைசிவரை 1.55 வோல்ட்டை விட்டு அதிகம் நகராது. மல்டிமீட்டரில் பாருங்கள்: புது செல் 1.55 பக்கம் காட்ட வேண்டும். இரும்பு ட்வீசரால் மேலும் கீழுமாகச் சேர்த்துப் பிடித்தால் ஷார்ட் ஆகி, புது செல்லே இறங்கிவிடும். பிளாஸ்டிக் ட்வீசர் நல்லது.

செகண்ட் முள் இரண்டு அல்லது நான்கு நொடிக்கு ஒருமுறை தாவினால் பயப்பட வேண்டாம். செல் தீரப்போகிறது என்று சில மெஷின்கள் காட்டும் அடையாளம் அது. புது செல் போட்டுச் சில நிமிடம் கழித்தும் தாவினால், செல் பலவீனம் அல்லது தொடர்பு சரியில்லை என்று அர்த்தம்.

அடுத்து கீ, அதாவது நேரம் திருப்பப் பக்கவாட்டில் இருக்கும் குமிழ். அது வெளியே இழுபட்டிருந்தால் உள்ளே இருக்கும் லீவர் மெஷினை நிறுத்திவைக்கும். முழுதாக அழுத்திப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் கடைக்கு வருவதில் இதுவும் உண்டு.

செல்லுக்கு அடியில் மைனஸ் பக்கத்தைத் தொடும் மெல்லிய தகடு இருக்கிறது. பழைய செல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது அது நசுங்கிப் படுத்துவிடும். ஊசி முனையால் மயிரிழை உயர்த்தினால் போதும். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

இனி காயில். பளபளக்கும் செம்புக் கம்பிச் சுற்று, தலைமுடியைவிட மெல்லியது. ஸ்க்ரூ டிரைவர் ஒருமுறை வழுக்கினால் ஒரு இழை அறுந்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் கம்பி கீறி, நுனி தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும். செல்லைக் கழற்றிவிட்டு, காயிலின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து ஓம்ஸ் பாருங்கள். சாதாரணமாக ஒன்று முதல் மூன்று கிலோ ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் காயில் போயிற்று. செல்லைக் காயில் இல்லாத பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்வது இதனால்தான்.

மூடி திறந்திருந்தால் ஓடி, மூடினால் நிற்கிறதா? அழுத்தி மூடும் மூடிகளில், கீயின் தண்டு போக ஒரு பள்ளம் இருக்கும். அது தண்டுக்கு நேராக வராவிட்டால் மூடி தண்டை அமுக்கும். உள்ளே பிளாஸ்டிக் வளையம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்கோ 7டி62, 7டி92 போன்ற குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்ச்) என்றால் கதை வேறு. செல் மாற்றியதும் ரீசெட் செய்ய வேண்டும். மெஷினில் 'ஏசி' என்று பொறித்த இடத்தையும் செல்லின் பிளஸ் பக்கத்தையும் இரும்பு ட்வீசரால் இரண்டு நொடி சேர்த்துத் தொட்டால் போதும். இங்கே மட்டும் இரும்புதான் வேண்டும்.

முள் அதே இடத்தில் துடிக்கிறது, நகரவில்லை என்றால் மின்சாரம் வருகிறது, பெரும்பாலும் பற்சக்கரமோ முள்ளோதான் சிக்கியிருக்கிறது. முட்கள் ஒன்றையொன்று உரசலாம், பற்சக்கரங்களைச் சுழற்றும் ரோட்டர் காந்தத்தில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கலாம்.

காயில் போன 2035-க்குக் காயில் தேடி அலைவதைவிட மெஷினையே மாற்றுவது லாபம். புதிதோடு வரும் தண்டு நீளமாக இருக்கும். பழைய தண்டைப் பக்கத்தில் வைத்து அளந்து, கொஞ்சம் நீளமாகவே வெட்டி, பிறகு அரம் போட்டுக் குறையுங்கள். குட்டையாக வெட்டிவிட்டால் கீ உள்ளே போய் உட்காராது, வேறு தண்டுதான் வாங்க வேண்டும்.